‘கூப்பே’ன்னு பேர் வெச்சா ஸ்போர்ட்ஸ் கார் ஆகிடுமா? கார் பிரியர்களின் சண்டையும் தருமபுரி சாலை சொல்லும் பதிலும்

வெள்ளிக்கிழமை இரவு பெங்களூருவிலிருந்து ஊருக்குத் திரும்பும் கார்களை ஓசூருக்கும் தருமபுரிக்கும் நடுவில் நின்று கவனித்தால் ஒரு விஷயம் புரியும். முதல் வேலையில் சேர்ந்தவர்களின் ஹேட்ச்பேக், கல்யாணம் ஆனவர்களின் காம்பேக்ட் எஸ்யூவி என்று வரிசையாகப் போகும். எப்போதாவது தாழ்வான கூரையோடு ஒரு கார் சர்ரென்று கடந்தால், டீக்கடையில் நிற்கும் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அடுத்து வரும் கேள்வி, “இது என்ன வண்டி, என்ன விலை?”

அந்தக் கேள்விக்கு இப்போது ஒரு சென்னைத் தயாரிப்பே பதிலாக நிற்கிறது. பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2025 ஜூலை 17 அன்று புதிய தலைமுறை ‘2 சீரிஸ் கிரான் கூப்பே’ காரை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் இயங்கும் ஆலையில்தான் இது உருவாகிறது. 218 எம் ஸ்போர்ட் வகையின் அறிமுக விலை 46.90 லட்சம் ரூபாய், எம் ஸ்போர்ட் புரோ வகை 48.90 லட்சம். இரண்டுமே ஷோரூம் விலை.

வண்டி வந்ததும் கார் பிரியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். “இந்தக் காசுக்கு இவ்வளவு அழகான கார் கிடையாது” என்கிறது ஒரு கட்சி. “கூப்பேன்னு பேர் மட்டும்தான் இருக்கு, உள்ளே விஷயம் இல்லை” என்கிறது இன்னொன்று. 50 லட்சம் ரூபாய் பெரும்பாலானவர்களுக்கு எட்டாத தொகைதான். ஆனால் இந்தச் சண்டையில் இருக்கிற விஷயம் 10 லட்ச ரூபாய் கார் வாங்குபவருக்கும் பொருந்தும். ஒரு காரை ‘ஓட்டுநருக்கான கார்’ ஆக்குவது எது? நம்ம ஊர் சாலைக்கு அது சரிப்படுமா? இதைப் பரிசோதிக்க தருமபுரி மாவட்டத்தைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்.

கூப்பே என்றால் என்ன?

ரயிலில் முதல் வகுப்பு ஏசி பெட்டியில் போனவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. நான்கு பேர் படுக்கும் அறைக்கு ‘கேபின்’, இரண்டு பேர் மட்டும் படுக்கும் சின்ன அறைக்கு ‘கூப்பே’. காரிலும் கிட்டத்தட்ட அதே பொருள்தான். ‘வெட்டு’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது இந்தப் பெயர். முழு அளவு குதிரை வண்டியில் ஒரு வரிசை இருக்கையை வெட்டி எடுத்துச் சின்னதாக்கிய வண்டிதான் முதல் கூப்பே.

கார் காலத்துக்கு வந்தபோது அதற்கு ஒரு இலக்கணம் உருவானது. இரண்டு கதவு, பின்னோக்கிச் சரியும் கூரை, பெயருக்குப் பின் இருக்கை. அமெரிக்க வாகனப் பொறியாளர்கள் சங்கம் இதற்கு அளவுகோலே வைத்தது. பின்புற உள்ளறையின் கொள்ளளவு 33 கன அடிக்குக் குறைவாக இருந்தால் கூப்பே, அதற்கு மேல் போனால் சிடான்.

2004-ல் மெர்சிடிஸ் பென்ஸ் ‘சிஎல்எஸ்’ காரைக் கொண்டுவந்து, நான்கு கதவு வைத்த காரையும் கூப்பே என்று விற்கலாம் என்று காட்டியது. 2008-ல் பி.எம்.டபிள்யூ ‘எக்ஸ்6’ மூலம் எஸ்யூவிக்கும் அந்தச் சரிவுக் கூரையை வைத்தது. இன்று திருவள்ளூரில் தயாராகும் சிட்ரோன் பசால்ட், டாடா கர்வ் எல்லாமே ‘கூப்பே எஸ்யூவி’ என்ற பெயரில்தான் விற்கின்றன. 2024-ல் வந்த பசால்ட்டின் தொடக்க விலை 7.99 லட்சம்தான். அதாவது, கூப்பே என்ற சொல் இப்போது கூரையின் வடிவத்தை மட்டும் குறிக்கிறது. வண்டி எப்படி ஓடும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. சண்டை தொடங்குவதே இங்கேதான்.

எதிர்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

முதல் குறை, இன்ஜின். புதிய 218-ல் இருப்பது 1.5 லிட்டர், 3 சிலிண்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். 156 எச்.பி. சக்தி, 230 நியூட்டன் மீட்டர் இழுவிசை. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 8.6 விநாடி ஆகும் என்கிறது நிறுவனம். ஆனால் 2021-ல் வந்த முந்தைய தலைமுறை 220ஐ பெட்ரோல் காரில் 2 லிட்டர், 4 சிலிண்டர் இன்ஜின் இருந்தது. 190 எச்.பி. சக்தியோடு அதே 100 கி.மீ. வேகத்தை 7.1 விநாடியில் தொட்டது. “புது வண்டி பழைய வண்டியைவிட மெதுவா போகுது, இதுக்கு எதுக்கு ஸ்போர்ட்னு பேர்?” என்பது நியாயமான கேள்விதான்.

இரண்டாவது குறை, எந்தச் சக்கரம் வண்டியை நகர்த்துகிறது என்பது. பி.எம்.டபிள்யூ என்றாலே பின் சக்கரம் தள்ளும் வண்டி என்பது ரசிகர்கள் மனதில் பதிந்த விஷயம். கிரான் கூப்பே அப்படி இல்லை, முன் சக்கரம் இழுக்கும் வண்டி. இதன் அடித்தளமே மினி, எக்ஸ்1 கார்களின் குடும்பத்தைச் சேர்ந்தது.

இதில் என்ன வித்தியாசம்? முன் சக்கர வண்டியில் திருப்புவதும் இழுப்பதும் ஒரே ஜோடி டயரின் வேலை. வளைவில் வேகமாக நுழைந்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், அந்த டயர்களின் பிடி தீர்ந்துபோய் வண்டி வளைவின் வெளிப்பக்கம் தள்ளும். பின் சக்கர வண்டியில் முன் டயர் திருப்பும், பின் டயர் தள்ளும். வேலை பிரிந்துவிடுவதால் ஸ்டீயரிங்கில் கிடைக்கும் உணர்வு சுத்தமாக இருக்கும். ஆனால் பிடி விட்டால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வரும், அதைச் சமாளிக்கப் பழக்கம் வேண்டும். சாதாரண ஓட்டுநருக்கு, முக்கியமாக மழையில், முன் சக்கர வண்டிதான் எளிதானது.

மூன்றாவது குறை, பெயரிலேயே இருக்கிறது. பி.எம்.டபிள்யூவிடம் உண்மையான இரண்டு கதவு ‘2 சீரிஸ் கூப்பே’ தனியாக இருக்கிறது. அது பின் சக்கரம் தள்ளும் வண்டி, மெக்சிகோவில் தயாராகிறது. கிரான் கூப்பேவுக்கும் அதற்கும் ‘2 சீரிஸ்’ என்ற பெயர்தான் பொது, எலும்புக்கூடு வேறு. இந்தியாவுக்கு அந்தக் குடும்பத்திலிருந்து வருவது உச்ச வகையான ‘எம்2’ மட்டும்தான். அதில் மேனுவல் கியர் கேட்டும் வாங்கலாம். ஆனால் 480 எச்.பி. சக்தியோடு வந்த 2024 பதிப்பின் அறிமுக விலை 1.03 கோடி. கிரான் கூப்பேவில் மேனுவல் கியருக்கு வழியே இல்லை, 7 வேக ஆட்டோமேட்டிக் மட்டும்தான். நடுவில், 60 லட்சத்துக்கு ஒரு எளிய பின் சக்கர கூப்பே வேண்டும் என்பவருக்கு அங்கே ஒன்றுமில்லை.

ஆதரிப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

அவர்களின் வாதமும் லேசானதல்ல. கண்ணாடிக்குச் சட்டம் இல்லாத கதவுகள், சரியும் கூரை, தாழ்வான இருக்கை என இந்த விலையில் நிற்கும் சொகுசு கார்களில் பலவும் உயரமான எஸ்யூவி ஆகிவிட்ட காலத்தில், தரைக்கு நெருக்கமாக உட்கார்ந்து ஓட்டும் கார் கிடைப்பதே அபூர்வம் என்கிறார்கள். தாழ்வான கார் வளைவில் குறைவாகச் சாயும். அது பெயர்ப் பலகை மாற்றிக் கொண்டுவரக்கூடிய குணம் இல்லை.

இன்னொன்று, 3 சிலிண்டர் என்றதும் முகம் சுளிக்கத் தேவையில்லை என்பது. சின்ன இன்ஜின் எடை குறைவானது, அதனால் முன்பக்கம் லேசாகும். தினமும் ஆபீஸ், வார இறுதியில் ஊர், நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகம் என்று ஓட்டுபவருக்கு 156 எச்.பி. தாராளம். நான்கு கதவு இருப்பதால் அப்பா அம்மாவைக் கோயிலுக்கும் அழைத்துப் போகலாம். பின் இருக்கையில் உயரமானவர்களின் தலை கூரையில் இடிக்கும், அது வேறு விஷயம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து இளைஞர்களுக்கு இதில் ஒரு தொடர்ச்சியும் உண்டு. 2004 வரை ஓசூரும் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த ஓசூரில்தான் டிவிஎஸ் மோட்டார் ஆலை இருக்கிறது. 2013-ல் பி.எம்.டபிள்யூவும் டிவிஎஸ்ஸும் செய்த ஒப்பந்தத்தால், பி.எம்.டபிள்யூ முத்திரை போட்ட 310 சிசி பைக்குகள் அங்கே தயாராயின. டிவிஎஸ்ஸின் அப்பாச்சி ஆர்ஆர் 310-ம் அதே கூட்டணியின் பிள்ளைதான். அந்தப் பைக்கில் தொடங்கியவர்கள் காருக்கு வரும்போதும், லேசான எடை, உடனடி பதில், தெளிவான ஹேண்டில் என அதே சுவையைத் தேடுகிறார்கள். அவர்களுக்கு எச்.பி. எண் இரண்டாம்பட்சம்தான்.

அதே காசுக்கு வேறு என்ன கிடைத்தது?

பேச்சை விட்டுவிட்டு, வாங்கியவர்கள் எதற்குக் காசு கொடுத்தார்கள் என்று பார்த்தால் படம் இன்னும் தெளிவாகும். கீழே உள்ளவை அறிமுகத்தின்போது அறிவித்த ஷோரூம் விலைகள்.

• மினி கூப்பர் எஸ் (2024): 44.90 லட்சம். இரண்டு பக்கக் கதவு, 2 லிட்டர் இன்ஜின், 204 எச்.பி., 100 கி.மீ. வேகம் 6.6 விநாடியில்.

• ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ (2025): 53 லட்சம். 265 எச்.பி., 5.9 விநாடி. முதல் தவணையாக வந்த 150 கார்களும் விற்றுத் தீர்ந்தன.

• ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் (2025): 49.99 லட்சம். 265 எச்.பி., 6.4 விநாடி. ஒதுக்கிய 100 கார்களும் போய்விட்டன.

இந்த மூன்றுமே முன் சக்கர வண்டிகள், மூன்றிலும் மேனுவல் கியர் இல்லை, எதுவுமே கூப்பே என்று பெயர் வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே ‘முன் சக்கரம்’ என்பது ரசிகர்களின் உண்மையான பிரச்சினை இல்லை என்று தெரிகிறது. கொடுக்கிற காசுக்கு ஓட்டும் சுகம் கிடைத்தால், எந்தச் சக்கரம் இழுத்தாலும் வாங்குகிறார்கள். ஆனால் 150, 100 என்ற எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் இந்த ரசனைக்குச் சந்தை அவ்வளவுதான் என்றுதான் கம்பெனிகளும் கணக்குப் போட்டுத் தொடங்குகின்றன.

ஜப்பானிலும் இதே சண்டையா?

ஆமாம். 2025 செப்டம்பரில் ஹோண்டா தன் பழைய ‘ப்ரீலூட்’ கூப்பேவை ஜப்பானில் மறுபடி கொண்டுவந்தது. 1978-ல் தொடங்கி 2001-ல் நின்றுபோன பெயர் அது. இரண்டு கதவு, சரியும் கூரை எல்லாம் இலக்கணப்படி இருக்கிறது. சஸ்பென்ஷனும் பிரேக்கும் பந்தய குணம் கொண்ட சிவிக் டைப் ஆர் காரிலிருந்து வந்தவை. ஆனால் இன்ஜின் 2 லிட்டர் ஹைபிரிட், அமெரிக்கப் பதிப்பில் 200 எச்.பி. மேனுவல் கியர் கிடையாது. கியர் மாறுவது போன்ற உணர்வை மென்பொருள் தருகிறது.

அமெரிக்காவில் இதன் தொடக்க விலை 42 ஆயிரம் டாலர். டொயோட்டாவின் ஜிஆர்86 அங்கே கிட்டத்தட்ட 10 ஆயிரம் டாலர் குறைவு. அதில் பின் சக்கரம் தள்ளும், 6 வேக மேனுவல் கியர் உண்டு, 228 எச்.பி. சக்தி. அதனால் அங்கேயும் ஒரே கேள்விதான். அழகாக, மிருதுவாக, எரிபொருள் மிச்சம் செய்து போகிற கூப்பேவா? சத்தமும் சிரமமும் இருந்தாலும் கை கால் எல்லாவற்றுக்கும் வேலை கொடுக்கிற கூப்பேவா? இந்திய ஷோரூம்களில் இந்த இரண்டுமே இல்லை.

நம்ம ஊரில் ஏன் சின்ன கூப்பே தயாராவதில்லை?

ஒரு காலத்தில் இரண்டு கதவு கார் சென்னையிலேயே தயாரானது. 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்த ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ அது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுக்கு இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கேலோட்டி கொடுத்த உருவம். இந்தியக் குடும்பங்கள் நான்கு கதவு கேட்டதால் பின்னாளில் அதுவும் நான்கு கதவு ஆனது. 1990-களின் இறுதியில் கோவாவில் ‘சான் ஸ்டார்ம்’ என்ற ஃபைபர் உடல் கொண்ட இருவர் கார், 1.2 லிட்டர் ரெனோ இன்ஜினோடு வந்தது. அது பெரிய எண்ணிக்கையைத் தொடவே இல்லை.

குடும்பத்துக்கு ஒரே கார் என்பது முதல் காரணம். இரண்டாவது, வரி. 2025 செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்தின்படி, 4 மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள் இருந்தால் 18 சதவீதம். இந்த வரம்பில் ஒன்றைத் தாண்டினாலும் 40 சதவீதம். உலகத்தின் பிரபலமான சின்ன ஸ்போர்ட்ஸ் காரான மஸ்டா எம்எக்ஸ்-5 வெறும் 3.9 மீட்டர்தான், எடையும் சுமார் ஒரு டன்தான். ஆனால் அதன் இன்ஜின் 1.5 லிட்டரிலும் 2 லிட்டரிலும்தான் வருகிறது. அதை இங்கேயே தயாரித்தாலும் பெரிய சொகுசு எஸ்யூவிக்குப் போடுகிற அதே 40 சதவீதம்தான் விழும். எடை குறைவு என்பதற்கு நம் வரி முறையில் மதிப்பெண் கிடையாது.

முழுதாகத் தயாரித்துக் கொண்டுவரும் கார் என்றால் சுங்க வரி தனி. 40 ஆயிரம் டாலருக்கு மேல் மதிப்புள்ள காருக்கு அது 110 சதவீதம் வரை போகிறது. 2018 முதல் ஒரு சலுகை உண்டு. வெளிநாட்டில் சான்று பெற்ற காரை இங்கே மறுபடி சோதனைக்கு அனுப்பாமல் ஆண்டுக்கு 2,500 வரை இறக்குமதி செய்யலாம். ஜிடிஐ போன்ற கார்கள் சின்னச் சின்னத் தவணையாக வருவதற்கு இந்த வழி உதவுகிறது. ஆனால் அதனால் வரி குறையாது. 2025 ஜூலையில் கையெழுத்தான இந்தியா - பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம், குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் வரும் பிரிட்டிஷ் கார்களுக்குச் சுங்க வரியைப் படிப்படியாக 10 சதவீதத்துக்குக் குறைக்க வழி செய்கிறது.

இவற்றோடு மாநில வரியும் சேரும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் சாலை வரி 20 சதவீதம். 46.90 லட்ச ரூபாய் காருக்கு அதுவே 9 லட்சத்தைத் தாண்டும். அந்தத் தொகைக்கு ஒரு நல்ல ஹேட்ச்பேக்கே வாங்கலாம்.

தருமபுரி சாலையில் இந்த வண்டி என்ன ஆகும்?

பெங்களூருவிலிருந்து தருமபுரி வர இப்போது இரண்டு வழி. கிருஷ்ணகிரி வழியாக வரும் பழைய என்.எச். 44 ஒன்று. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக அதியமான்கோட்டை வரும் என்.எச். 844 இன்னொன்று. இரண்டிலும் தாழ்வான காருக்குப் பெரிய கஷ்டம் இல்லை. கஷ்டம் ஊருக்குள் திரும்பிய பிறகுதான்.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிப்படி, வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அந்த அளவில் கட்டினால் மெதுவாகப் போகும் எந்தக் காரின் வயிறும் தட்டாது. ஆனால் கிராமத்துச் சாலைகளில் பல இடங்களில் அகலத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்டி, திடுக்கென்று ஒரு மேடாகப் போட்டு வைத்திருப்பார்கள். முன், பின் சக்கரங்களுக்கு நடுவே நீளம் அதிகமான தாழ்ந்த காருக்கு அதுதான் எமன். “அடி தட்டுச்சு” என்ற சொல் இல்லாமல் இந்த வகைக் கார் வைத்திருப்பவர் பேச்சு முடியாது. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறங்கும் காட்டுப் பாதை, வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் ஓட்டுவதற்கு ஆசையாக இருக்கும். ஆனால் அங்கே தேவைப்படுவது 200 எச்.பி. இல்லை. நல்ல பிரேக், சாயாத உடம்பு, எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்க இடம் கொடுக்கும் சின்ன அகலம். காம்பேக்ட் என்ற சொல்லுக்கு உண்மையான மதிப்பு இங்கேதான் தெரியும்.

தொப்பூர் கணவாய் கற்றுக்கொடுப்பது என்ன?

மாவட்டத்தின் தெற்கு முனையில், சேலம் போகும் வழியில் இருக்கிறது தொப்பூர் கணவாய். தருமபுரிப் பக்கமிருந்து வருபவருக்கு நீண்ட இறக்கம், தொடர் வளைவு. எரிபொருள் மிச்சம் என்று நினைத்து லாரியை நியூட்ரலில் இறக்குவதும், பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்து அது சூடேறிப் பிடிக்காமல் போவதும் இங்கே நடக்கும் விபத்துகளுக்கு அடிக்கடி சொல்லப்படும் காரணங்கள். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் லாரிகள் மோதி, முன்னால் போன வாகனங்கள் நொறுங்கி உயிர்கள் போயின. ஆபத்தான வளைவுகளைத் தவிர்க்க உயர்மட்டச் சாலைத் திட்டம் கையில் எடுக்கப்பட்டதும் இதனால்தான்.

அந்த இடத்தில் வேகமான கார் வைத்திருப்பவர் செய்யும் தவறு வேறு மாதிரி. “என் வண்டியில பிரேக் சூப்பரா பிடிக்கும்” என்ற தைரியம். ஒரு சின்னக் கணக்கு அதைத் தெளிவாக்கும். சமதளமான, காய்ந்த சாலையில் நல்ல கார் 80 கி.மீ. வேகத்தில் வந்தால், ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஆகும் ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடிவிடும். அதன் பிறகு நிற்க சுமார் 35 மீட்டர். மொத்தம் 57 மீட்டர். அதுவே 120 கி.மீ. வேகம் என்றால் 33 மீட்டரும் 79 மீட்டரும் சேர்ந்து 112 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குதான், தேவைப்படும் தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இறக்கத்திலும் மழையிலும் இது இன்னும் கூடும்.

அதோடு, உங்கள் கார் சீக்கிரம் நின்றுவிடலாம், பின்னால் சரக்கோடு வரும் லாரி நிற்காது. லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து போகிற காருக்கு 8.6 விநாடியா 5.9 விநாடியா என்பதால் பாதுகாப்பு கூடுவதில்லை. கியரைக் குறைத்து, இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி விட்டு, இடைவெளியோடு இறங்குவதுதான் அங்கே திறமை. ஆட்டோமேட்டிக் காரிலும் கியரைக் கையால் குறைக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தலாம்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. பொதுச் சாலையில் பந்தயம் வைத்தால் முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் ஓராண்டு, 10 ஆயிரம்.

அப்போ வேகத்தை எங்கேதான் அனுபவிப்பது?

அதற்கு இடம் இருக்கிறது, அதுவும் தமிழ்நாட்டிலேயே. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் சுமார் 3.7 கி.மீ. பந்தயத் தடம் உள்ளது. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே, சுமார் 2.1 கி.மீ. இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர்தான். நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் 3-ம் இடம் பிடித்த பிறகு, பந்தயத் தடம் என்ற சொல்லே பல வீடுகளில் புழங்க ஆரம்பித்தது.

தடத்தில் எதிரே வண்டி வராது, நடுவே மாடு குறுக்கிடாது, தவறு செய்தாலும் ஒதுங்க இடம் இருக்கும். அங்கே ஒரு நாள் பயிற்சி எடுத்தவர்களுக்கு, காரின் சக்தியைவிட தங்கள் பிரேக் பிடிக்கும் பழக்கமும் பார்வை போகும் இடமும்தான் நேரத்தைத் தீர்மானிக்கிறது என்பது புரிந்துவிடும்.

வாங்க நினைப்பவர் என்ன பார்க்க வேண்டும்?

• மொத்தக் கணக்கு: 45 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 7 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 72 ஆயிரம் ரூபாய். இன்சூரன்ஸ், டயர், சர்வீஸ் தனி. வரி மாற்றத்துக்குப் பிறகு விலைகள் மாறியிருக்கின்றன, ஷோரூமில் இன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளவும்.

• எங்கே பதிவு: பெங்களூருவில் வாங்கி வார இறுதியில் ஊருக்கு வந்து போனால் பிரச்சினை இல்லை. வண்டியைத் தமிழ்நாட்டிலேயே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும்.

• டெஸ்ட் டிரைவ்: வழவழப்பான சாலையில் மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள். வேகத்தடை, குழி, பார்க்கிங் சரிவு எல்லாம் இருக்கும் பாதையைக் கேளுங்கள். முடிந்தால் வீட்டில் உள்ளவர்களோடு போங்கள், நான்கு பேர் உட்கார்ந்தால் வண்டி எவ்வளவு தாழ்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

• ஸ்பெக் ஷீட்: எச்.பி. எண்ணுக்கு முன் எடையைப் பாருங்கள். அடுத்து டயர் அளவு, பிரேக், தரையிலிருந்து உயரம். கூரை வடிவம் கடைசி.

கார் பிரியர்களின் இரண்டு கட்சியில் யார் சரி? கிரான் கூப்பே அழகான, சொகுசான நான்கு கதவு கார். அப்படி நினைத்து வாங்குபவர் ஏமாற மாட்டார். ஸ்போர்ட்ஸ் கூப்பே என்று நினைத்து வாங்குபவர், அதே காசுக்கு வந்த மினியையோ ஆர்எஸ்ஸையோ பார்த்துப் பெருமூச்சு விட வாய்ப்பு அதிகம். ஆனால் எந்த வண்டியில் வந்தாலும், தொப்பூர் இறக்கத்தில் அந்தச் சண்டைக்கு வேலை இல்லை. அங்கே 10 லட்ச ரூபாய் காரும் 1 கோடி ரூபாய் காரும் ஒரே கியரில், ஒரே வேகத்தில் லாரிக்குப் பின்னால் பொறுமையாக இறங்க வேண்டியதுதான். பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, கூப்பேவா சிடானா என்று விடிய விடியச் சண்டை போடலாம்.